டாஸ்க்பாரில் பச்சைப் புள்ளி

சார், தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கம்ப்யூட்டரை எட்டிப் பாக்கறானேன்னு. பஸ்ஸுக்குப் பஞ்சர் ஒட்டி முடிக்கிற வரைக்கும் வேற எதைப் பாக்கறது? உங்க டாஸ்க்பார் இப்படி வெறிச்சோடிக் கெடக்குதே, அதைப் பாத்ததும் மனசு கேக்கலை. கீழ அந்தப் பட்டை முழுக்க வெத்து இடம். மூலையில ஒரு மணி, அதுவும் நொடி காட்டாது. எத்தனை விட்ஜெட் இருக்கு தெரியுங்களா, அத்தனையும் இலவசம். சின்னச் சின்ன சாமான், பட்டையில ஒட்டிக்கிட்டு ஆளுக்கொரு வேலை பாக்கும். என் பட்டையை நீங்க பாத்திருக்கணும். கண்ணாடி மாதிரி பண்ணி வெச்சிருந்தேன், பின்னால இருக்கிற படம் தெரியும். ஐகான் எல்லாம் நடுவுல. வலது பக்கம் நெட் வேகம், பக்கத்துல நொடியோட கடிகாரம், அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குதிரை. கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமானா அது வேகமா ஓடும். ஆபீஸுக்கு வர்ற பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகத்தை விட்டுட்டு அந்தக் குதிரையைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க.

நான் சேலத்துல திருமணத் தகவல் மையத்துல இருக்கேங்க. நாலு ரோடு பக்கம், சுபமாலைன்னு போர்டு போட்டிருக்கும். பதினோரு வருஷமா நான்தான் அங்க கம்ப்யூட்டர். பேரு புகழேந்தி. ஆபீஸ்ல எல்லாரும் புகழ் அண்ணாம்பாங்க. ஒருத்தி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டா. அவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். இல்லை, விட்ஜெட்டைப் பத்தி. ரெண்டும் ஒண்ணுதான், கேளுங்க.

மணி என்னங்க? பதினொண்ணே கால். பன்னெண்டுக்குள்ள வாழப்பாடி போயிடும்ல? பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் குரு ஹோரை. ஞாயித்துக்கிழமையில எனக்கு இருக்கறது அந்த ஒரு மணி நேரம்தான். அதை இந்த டயர் தின்னுக்கிட்டு இருக்கு.

அவ பேரு பரிமளா. ஊரு வாழப்பாடி. எங்க ஆபீஸ்ல மூணு வருஷமா போன் பேசற வேலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பேசணும் பாருங்க, அதுக்கு ஒரு நிதானம் வேணும். அவகிட்ட அது இருந்துச்சு. எனக்குப் பிடிச்சுது சார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அவ லீவு போட்டா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. கட்டிக்கிறியான்னு கேட்டுடணும்னு மூணு வருஷமா இருந்தேன். கேக்கலை. ஏன்னா அவளுக்கு என்மேல மரியாதை இருக்கிற மாதிரி தெரியலை. ஆபீஸ் கூட்டற அம்மாவுல இருந்து முதலாளி மருமக வரைக்கும் அண்ணா அண்ணாங்கறாங்க, இவ வாயில மட்டும் அது வராது. பேரும் சொல்ல மாட்டா, சாரும் கிடையாது. எது வேணும்னாலும் 'ஏங்க'ம்பா. 'ஏங்க, இந்த ஜாதகத்தைப் பாருங்க', 'ஏங்க, சாப்பிட்டீங்களா'. ஒரு தடவை முதலாளி அங்கமுத்து ஐயாவே, வயசுல பெரியவனை அண்ணான்னு கூப்பிட்டா என்னம்மான்னு கேட்டுட்டாரு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அது மட்டும் வராதுங்கய்யான்னுட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

அதனாலதான் நல்ல நேரம் பாத்துக் கேக்கலாம்னு நினைச்சேன். நம்ம தொழிலே அதுதானே. ராகு காலம், எமகண்டம் எல்லாம் காலண்டர்ல இருக்கு. ஆனா ஹோரை மணிக்கு மணி மாறும். சுக்கிர ஹோரையில கல்யாணப் பேச்சு எடுத்தா பலிக்கும், குரு ஹோரைன்னா பெரியவங்க ஒத்துப்பாங்க, சனியும் செவ்வாயும் வந்தா வாயைத் தொறக்கக் கூடாது. இதை விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா? மாசி மாசம் ஒரு நாள் தேடினேன், ஹோரை விட்ஜெட் ஒண்ணு கெடைச்சுது. எவனோ வெளிநாட்டுத் தமிழருக்காகச் செஞ்சது. கூடவே வானிலையும் காட்டும். அழகான சாமான் சார். ஒரே ஒரு புள்ளி. நல்ல ஹோரைன்னா பச்சை, கெட்டதுன்னா சிவப்பு. பக்கத்துல ஒரு மேகம், டிகிரி.

எந்த ஊருன்னு கேட்டுச்சு. சேலம்னு அடிச்சேன். வரிசையா நாலு சேலம் வந்துச்சு. முதல்ல இருந்ததை அமுக்கினேன். நம்ம ஊருதானே முதல்ல இருக்கும். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

சிரிக்காதீங்க சார்.

முதல் நாளே நாற்பத்தி நாலு டிகிரி காட்டுச்சு. மாசியிலயே இப்படியான்னு ஆபீஸே ஆடிப்போச்சு. அங்கமுத்து ஐயா ஓடிப்போய் மண்பானை வாங்கிட்டு வந்தாரு. காலையில நாற்பத்தி ஏழு, சாயங்காலம் நாற்பத்தொண்ணு, இப்படியே காட்டுது. கூடவே தினமும் மழைப் படம். வெளியில மண்டை பிளக்கிற வெயிலு, பட்டையில சொட்டு சொட்டா மழை. நான் தினமும் குடை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். பரிமளா மட்டும் கேட்டா, மானத்துல ஒரு மேகம்கூட இல்லையே, எதுக்குக் குடைன்னு. கம்ப்யூட்டர் சொல்லுதுன்னேன். நேரா என் சீட்டுக்கு வந்து அந்த மேகத்து மேல மௌஸை வெச்சு அமுக்கி எதையோ படிச்சுக்கிட்டு இருந்துட்டு, பேசாம போயிட்டா.

நான் என்ன பண்ணினேன், இன்னொரு விட்ஜெட்டும் போட்டேன். மஞ்சள் சீட்டு மாதிரி நடுத் திரையில வரும், நாம எழுதி வெச்சதை ஞாபகப்படுத்தும். அதுல 'சொல்லிடு' அப்படின்னு மட்டும் எழுதி, சாயங்காலம் நாலரைக்கு வர்ற மாதிரி வெச்சிருந்தேன். அந்த நேரத்துல ஐயா டீ குடிக்கப் போயிடுவாரு. ஒரு வியாழக்கிழமை அது வந்துச்சு. அவ எனக்குப் பின்னாலயே நிக்கறா, கையில ஒரு ஜாதகக் கட்டு. படிச்சுட்டா. யாரும் இல்லை ஆபீஸ்ல.

"என்ன சொல்லணும்?" அப்படின்னா.

சத்தம் போடாம, மெதுவாத்தான் கேட்டா. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பட்டையைப் பாத்தேன். சிவப்பு. சனி ஹோரை. பிரிண்டர்ல மை தீந்துபோச்சுன்னு சொல்லணும்னேன். அவ பிரிண்டரைப் பாத்தா, என்னைப் பாத்தா, அவ்வளவுதானான்னு கேட்டா. அவ்வளவுதான்னேன்.

பச்சை வராமலும் இல்லை. பச்சை வர்றப்ப அவ போன்ல இருப்பா, இல்லாட்டி சாப்பிடப் போயிருப்பா. ஒரே ஒரு நாள் பச்சையும் இருந்துச்சு, அவளும் தனியா இருந்தா. எந்திரிச்சேன் சார். நாலு அடி நடந்துட்டேன். செவுத்துல காலண்டரைப் பாத்தா என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். தண்ணியைக் குடிச்சுட்டு வந்து உக்காந்தேன். இப்படியே பங்குனி போச்சு, சித்திரையும் பாதி போச்சு.

அப்பாடா, வண்டி எடுத்துட்டாங்க. மணி பதினொண்ணே முக்காலா? இன்னும் இருபது நிமிஷம் ஆகுமேங்க. டிரைவர் கொஞ்சம் மிதிச்சாருன்னா நல்லா இருக்கும்.

சித்திரை கடைசியில அவ ஒரு காகிதத்தைக் கொண்டாந்து என் மேஜையில வெச்சா. அவளோட பயோடேட்டா. வீட்டுல அவசரப்படுத்தறாங்க, முப்பத்தி மூணு ஆச்சு, இதையும் சிஸ்டத்துல ஏத்திடுங்கன்னா. "நல்லாப் படிச்சுப் பாத்துட்டு ஏத்துங்க"ன்னு வேற சொன்னா. எனக்கு நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆனா வேலைன்னு வந்துட்டா நான் சரியா இருப்பேன். நல்லாத்தான் படிச்சேன். எதிர்பார்ப்புங்கற கட்டத்துல என்ன எழுதியிருந்தா தெரியுங்களா? வயசு முப்பத்தொன்பது. உள்ளூர், சேலம். கம்ப்யூட்டர் வேலை. ஜாதி தடையில்லை. அமைதியானவராக இருக்க வேண்டும், குடை வைத்திருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. மூணு வருஷம் இதே வேலையில இருக்கிறவ எழுதற எதிர்பார்ப்பா இது? வயசுன்னா இத்தனையில இருந்து இத்தனைக்குள்ளன்னு இருக்கணும், மொட்டையா முப்பத்தொன்பதுன்னா மெஷின் எப்படித் தேடும்? குடைக்கெல்லாம் கட்டமே கிடையாது. அவளை உக்கார வெச்சு எடுத்துச் சொன்னேன், இப்படிக் குறுக்கி எழுதினா ஒரு வரனும் மாட்டாது பரிமளான்னு. இந்த ஊர்ல அப்படி ஒருத்தரும் இல்லையான்னு கேட்டா. இருக்கிற நாலாயிரத்து இருநூறு பேர்ல தேடிப் பாத்துட்டேன், இல்லைன்னேன். "உங்களுது அதுல இருக்குதா?"ன்னா. நான் இங்க வேலை பாக்கறவன், என்னோடது எதுக்கு இருக்கப் போகுதுன்னேன். சரி, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி ஏத்துங்கன்னு போயிட்டா.

நானே திருத்தினேன். வயசு முப்பத்தஞ்சுல இருந்து நாற்பத்தி ரெண்டு. உள்ளூரை எடுத்துட்டேன். குடையை எடுத்துட்டேன். உடனே மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் தர்மபுரி, கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காரு, தங்கமான குடும்பம். நானே பிரிண்ட் போட்டு நானே கவர்ல வெச்சுக் கொடுத்தேன். அதைக் கொடுத்தப்ப பட்டையில பச்சை எரிஞ்சுது. பாருங்க கொடுமையை.

அப்புறம்தான் சார் குட்டு உடைஞ்சுது. வைகாசி பொறந்து ரெண்டு நாள் இருக்கும், காலையில வந்து பாத்தா அறுபத்தொண்ணு டிகிரி. ஐயா எட்டிப் பாத்தாரு. அறுபத்தொண்ணுல மனுசன் வெந்து சாம்பலாயிருப்பான்டா, என்னடா வெச்சிருக்கேன்னு கத்தினாரு. வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாலயே கத்தினாரு. பரிமளா அவ சீட்டுல உக்காந்தபடியே சொன்னா, ஐயா, அது நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவுல ஆரிகன்னு ஒரு மாநிலம் இருக்குது, அதுல ஒரு சேலம், அவங்க வெயிலை ஃபாரன்ஹீட்டுல கணக்குப் பண்றாங்கன்னு.

அமெரிக்கா சார். பன்னெண்டரை மணி நேரம் பின்னால. நமக்குப் புதன்கிழமை காலையில பத்து மணின்னா அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி. மூணு மாசமா நான் அவனோட சூரியனுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்னுட்டு உக்காந்து எல்லாத்தையும் திருப்பிக் கணக்குப் போட்டேன். அந்த வியாழக்கிழமை நாலரை மணி, அவ பின்னால நின்னு என்ன சொல்லணும்னு கேட்டாளே, அது நம்ம சேலத்துக்கு என்ன ஹோரை தெரியுங்களா? சுக்கிரன். அப்பட்டமான சுக்கிர ஹோரை.

அந்த விட்ஜெட் செஞ்சவனுக்கு மெயில் போட்டேன். நாலு சேலத்தை வரிசையா வெச்சா எங்க சேலத்தை முதல்ல வைக்கணும்னு தெரியாதான்னு கேட்டேன். பதில் இல்லை. இலவசமாக் கொடுத்தவனை என்னன்னு போய்க் கேக்கறது?

ஆனா எனக்கு அவன்மேலகூட அவ்வளவு கோவம் இல்லை. இவமேலதான். சாயங்காலம் நேராப் போய்க் கேட்டேன், இது உனக்கு எப்பத் தெரியும்னு. குடை எடுத்துக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கே தெரியும்னா. அப்படின்னா ரெண்டு மாசத்துக்கு மேல! தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்திருக்கா. ஏன் சொல்லலைன்னு கேட்டா, "ஒரு தடவையாவது அதைப் பாக்காம நீங்களே வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன்" அப்படின்னா. அதோட விட்டாளா? பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, "உங்க சேலத்துல எப்பதாங்க விடியும்?"னு கேட்டா. சொல்லிட்டு அழுதா சார். தப்பு பண்ணினது அவ, அழுததும் அவளே. கூட வேலை பாக்கறவங்க செய்யற காரியமா இது? அடுத்த வாரமே வேலையை விட்டுட்டா.

நீங்க ஏன் சார் தலையில கை வைக்கறீங்க? தலைவலியா? ஜன்னலைத் தொறந்து விடட்டுமா?

சரி, இப்ப என்ன விஷயம்னா, இன்னைக்கு ரெண்டு மணிக்குத் தர்மபுரிக்காரங்க அவ வீட்டுக்குப் பூ வைக்க வர்றாங்க. பூ வெச்சுட்டா முடிஞ்சுது, அப்புறம் யாரும் எதுவும் கேக்க முடியாது. அதுக்கு முன்னால நான் கேட்டுடணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒண்ணே காலுக்கு அவளுக்குப் போன் போட்டேன். சுக்கிர ஹோரை, இப்ப போன்லயே நம்ம சேலத்தை வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள வர்றேன், ஒரு விஷயம் பேசணும்னேன். அவ, பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன், அன்னைக்கு ரெண்டு மணிக்கு அவங்க வர்றாங்க, தெரியும்லன்னா. தெரியும், அந்த நேரத்தைக் குறிச்சுக் கொடுத்ததே நான்தானேன்னேன். ரெண்டுல இருந்து மூணு சுக்கிர ஹோரை, அதைவிட நல்ல நேரம் ஞாயித்துக்கிழமையில கிடையாது. நம்ம மையத்துக்கு ஒரு பேரு இருக்குல்ல.

நீங்க கேக்கறது புரியுது. வெள்ளிக்கிழமையே போன்ல சொல்லியிருக்கலாமேன்னு. அன்னைக்கு நவமி சார்.

அய்யோ, மணி பன்னெண்டு அஞ்சு. செவ்வாய் வந்துட்டான். போச்சு. ஒரு பஞ்சர் சார், ஒரே ஒரு பஞ்சர், மூணு வருஷத்தை முழுங்கிடுச்சு. செவ்வாய்க்கு அப்புறம் சூரியன், ரெண்டுமே கல்யாணப் பேச்சுக்கு ஆகாது. அதுக்கப்புறம் ரெண்டு மணி, அது அவங்களுக்குக் குறிச்சுக் கொடுத்தாச்சு. இனிமே இறங்கி என்ன பண்றது? நான் ஆத்தூருக்கே டிக்கெட் நீட்டிக்கிட்டு அங்க இருந்து திரும்பிடறேன். நம்ம நேரம் அவ்வளவுதான்.

இதுதான் வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு. அதோ, பூக்கடைக்கு இந்தப் பக்கம், பச்சைச் சேலை. அவதான். பதினொண்ணுல இருந்து நிக்கறா போல, முகமெல்லாம் வாடிக் கெடக்கு. ஒவ்வொரு பஸ்ஸா பாக்கறா. சார், கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, நான் குனிஞ்சுக்கறேன். போன் வெளிச்சம் தெரியும், அதையும் அவ வீட்டுக்குன்னு வாங்கின இந்தப் பழப்பையில போட்டுடறேன். ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவாங்க.

சார், எதுக்கு எந்திரிக்கறீங்க? கண்டக்டரை ஏன் கூப்பிடறீங்க? வாழப்பாடி ஒரு ஆளு இருக்குன்னு யாரைச் சொல்றீங்க? நான் ஆத்தூர் சார். சார், மெதுவா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அவளும் பாத்துட்டா.

வர்றா. ஜன்னல்கிட்டயே வந்துட்டா.

வா பரிமளா. இல்லை, வண்டி பஞ்சர் ஆயிடுச்சு. இல்லை, இறங்கறதுக்கு என்னன்னா, இப்ப செவ்வாய் ஹோரை, பேச்சு எடுத்தா சண்டையில முடியும்னு...

என்ன சொல்றா கேட்டீங்களா சார்? "எனக்கு நேரம் இல்லீங்க"ங்கறா. அதைத்தானே நானும் ஒரு மணி நேரமா உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நேரம் இல்லைன்னு.

சார், அது என் பை. அதை எதுக்கு ஜன்னல் வழியா நீட்டறீங்க? பரிமளா, வாங்காத. வாங்கிட்டா. சார், அதுலதான் என் போன் இருக்கு. ஹோரை பாக்கறது அதுலதான் சார், இனிமே எந்த நேரம் எப்ப முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

போறா சார். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறா. அவ வீட்டுப் பக்கம்தான் நடக்கறா, திரும்பிக்கூடப் பாக்கலை. கூப்பிட்டா கேக்காது இனிமே. அந்த மாரியம்மன் கோயில் திருப்பம் வந்துட்டா அப்புறம் கண்ணுக்கே தெரிய மாட்டா.

காலை மடக்குங்க சார். கண்டக்டர், விசில் அடிச்சுடாதீங்க. நான் இறங்கணும்.